மூன்றா, நான்கா? நாணயம் சுண்டியதில் மேதைகள் சறுக்கிய கதை

1754-இல் பாரிஸில் வெளிவந்த கலைக்களஞ்சியத்தின் நான்காம் தொகுதியில் நாணயம் சுண்டுவதைப் பற்றி ஒரு கட்டுரை இருக்கிறது. எழுதியவர் டேலம்பேர். திதெரோவுடன் சேர்ந்து அந்தக் களஞ்சியத்தைப் பதிப்பித்தவர். அதிரும் கம்பியின் இயக்கத்துக்குச் சமன்பாடு கண்டவர். இயக்கவியலில் அவர் பெயரிலேயே ஒரு கோட்பாடு உண்டு. அப்பேர்ப்பட்டவர் எடுத்துக்கொண்ட கேள்வியை இன்று பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் போடுகிறார்கள். ஒரு நாணயத்தை இரண்டு முறை சுண்டலாம். ஒரு தடவையாவது தலை விழ வாய்ப்பு எவ்வளவு?

நான்கில் மூன்று என்பதுதான் அன்றைக்கும் வழக்கமான விடை. டேலம்பேர் அதை ஒப்பவில்லை. முதல் சுண்டலிலேயே தலை விழுந்துவிட்டால் ஜெயித்தாயிற்று. அதற்கு மேல் யார் சுண்டப் போகிறார்கள்? ஆகவே நடக்கக்கூடியவை மூன்றே மூன்று: தலை, பூ விழுந்து பிறகு தலை, பூ விழுந்து மறுபடியும் பூ. இவற்றில் இரண்டு சாதகம். எனவே விடை மூன்றில் இரண்டு என்றார்.

கேட்கும்போது நியாயமாகத்தான் படுகிறது. ஒரு பத்து ரூபாய் நாணயத்தை எடுத்துக்கொண்டு பொறுமையாக நூறு தடவை இந்த ஆட்டத்தை ஆடிப் பார்த்தால் சுமார் 75 முறை ஜெயிக்கும், 67 முறை அல்ல. ஜெனீவாவின் நெக்கர் என்பவர் மறுத்து எழுதினார். அந்த மறுப்பை 1757-இல் களஞ்சியத்தின் ஏழாம் தொகுதியில் டேலம்பேரே அச்சிட்டார். அச்சிட்டாரே தவிர, தன் ஐயத்தை முழுக்க விட்டுவிடவில்லை.

அவர் எங்கே சறுக்கினார்? கூட்டலிலும் வகுத்தலிலும் பிழையில்லை. அவர் எழுதிய பட்டியலில்கூடப் பிழையில்லை என்பதுதான் வேடிக்கை. சறுக்கல் பட்டியலுக்கும் வகுத்தலுக்கும் நடுவே இருக்கிறது.

ஒரு சோதனையில் என்னென்ன விளைவுகள் வரலாம் என்று ஒன்றையும் விடாமல், ஒன்றையும் இரண்டு முறை எழுதாமல் போடும் பட்டியலுக்குக் கூறுவெளி என்று பெயர். நாணயத்தை இரண்டு முறை சுண்டினால் அதன் கூறுவெளி: தலை-தலை, தலை-பூ, பூ-தலை, பூ-பூ. இந்தப் பட்டியலிலிருந்து நமக்கு அக்கறையுள்ள சிலவற்றை மட்டும் பிரித்தெடுத்தால் அது ஒரு நிகழ்ச்சி. “ஒரு தடவையாவது தலை” என்ற நிகழ்ச்சியில் முதல் மூன்றும் அடங்கும். “இரண்டும் ஒரே பக்கம்” என்ற நிகழ்ச்சியில் முதலாவதும் கடைசியும். நாணயம் நேர்மையானது என்றால் நான்கு விளைவுகளுக்கும் ஒரே எடை, ஆளுக்குக் கால் பங்கு. எனவே முதல் நிகழ்ச்சிக்கு முக்கால், இரண்டாவதற்கு அரை.

டேலம்பேரின் மூன்று வரிப் பட்டியலும் செல்லுபடியாகும் கூறுவெளிதான். எதுவும் விடுபடவில்லை, எதுவும் இரட்டிக்கவில்லை. ஆனால் அந்த மூன்றுக்கும் எடை ஒன்றல்ல. “தலை” என்று அவர் ஒற்றை வரியில் எழுதியதற்குள் தலை-தலை, தலை-பூ இரண்டும் ஒளிந்திருக்கின்றன. அதன் எடை அரை. மற்ற இரண்டுக்கும் கால் கால். அரையும் காலும் சேர்ந்தால் முக்கால். அவருடைய பட்டியலை வைத்துக்கொண்டே சரியான விடைக்கு வந்துவிடலாம். மூன்று வரி இருக்கிறது, ஆகவே ஒவ்வொன்றும் மூன்றில் ஒரு பங்கு என்று எடுத்துக்கொண்டதுதான் வினை.

சறுக்கியது டேலம்பேர் மட்டும் இல்லை. நுண்கணிதத்தைக் கண்டுபிடித்த இருவரில் ஒருவரான லைப்னிட்ஸ், இரண்டு பகடைகளை உருட்டினால் 11 விழுவதும் 12 விழுவதும் ஒரே அளவு எளிது என்று 1714-இல் ஒரு கடிதத்தில் எழுதினார். பதினொன்றுக்கு ஐந்தும் ஆறும், பன்னிரண்டுக்கு ஆறும் ஆறும். இரண்டும் ஒரே வழிதானே என்பது அவர் எண்ணம். ஒரு பகடைக்குச் சிவப்பும் மற்றதற்கு வெள்ளையும் பூசிவிட்டால் மயக்கம் தெளிந்துவிடும். சிவப்பில் ஐந்து, வெள்ளையில் ஆறு என்பது ஒன்று. சிவப்பில் ஆறு, வெள்ளையில் ஐந்து என்பது வேறு. 36 சம வாய்ப்புகளில் பதினொன்றுக்கு இரண்டு, பன்னிரண்டுக்கு ஒன்றே ஒன்று. சாயம் பூசாவிட்டாலும் பகடைகள் அப்படித்தான் விழும். நம் கண்ணுக்கு அடையாளம் தெரிகிறதா இல்லையா என்று அவை பார்ப்பதில்லை.

இதில் வியப்பு என்னவென்றால், லைப்னிட்ஸுக்கு ஒரு நூற்றாண்டு முன்பே இத்தாலியில் இதற்கு விடை கிடைத்துவிட்டது. கலிலியோ டஸ்கனி அரசவையில் இருந்த காலத்தில் சூதாடிகளின் சந்தேகம் ஒன்று அவரிடம் வந்தது. கேட்டவர் டஸ்கனியின் ஆட்சியாளர் என்று கருதப்படுகிறது. மூன்று பகடைகளை உருட்டும் ஆட்டம் அது. கூட்டுத்தொகை 9 வர ஆறு வழி: 1-2-6, 1-3-5, 1-4-4, 2-2-5, 2-3-4, 3-3-3. பத்து வரவும் ஆறே வழி: 1-3-6, 1-4-5, 2-2-6, 2-3-5, 2-4-4, 3-3-4. ஆனாலும் நெடுநாள் ஆடியவர்கள் பத்துதான் அதிகம் விழுகிறது என்றார்கள். ஏன்?

கலிலியோ வரிசையைக் கணக்கில் எடுத்தார். 1-2-6 போல மூன்றும் வெவ்வேறு எண்ணாக இருந்தால், எந்தப் பகடையில் எது என்று ஆறு விதமாக மாற்றி அமைக்கலாம். 1-4-4 போல இரண்டு ஒன்றாக இருந்தால் மூன்று விதம். 3-3-3 என்றால் ஒரே விதம். இப்படிக் கூட்டினால் ஒன்பதுக்கு 25, பத்துக்கு 27. மொத்தம் ஆறை மூன்று முறை பெருக்க 216. ஒன்பதின் கணக்கைக் குறைத்தது அந்த 3-3-3 தான்.

216-இல் இரண்டு என்பது நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. ஆயிரம் முறை உருட்டினால் சராசரியாக 116 முறை ஒன்பதும் 125 முறை பத்தும் விழும். இந்த வேறுபாட்டைக் கையில் தாள் பேனா இல்லாமல், ஆடி ஆடியே ஒருவர் உணர்ந்தார் என்றால் எத்தனை ஆயிரம் தடவை உருட்டியிருப்பார், எவ்வளவு இழந்திருப்பார்! கணிதத்தின் வரலாற்றில் சூதாடிகளுக்கு உரிய மரியாதை கிடைக்கவில்லை என்றே தோன்றுகிறது. கலிலியோவுக்கு முந்தைய தலைமுறையில் மிலான் பக்கத்து மருத்துவர் கார்டானோ, இரண்டு பகடைக்கு 36, மூன்று பகடைக்கு 216 என்று ஏற்கெனவே எழுதிவைத்திருந்தார். அவரும் தீராத சூதாடி. அவருடைய சூதாட்ட நூல் அவர் இறந்து பல ஆண்டுகள் கழித்து 1663-இல்தான் அச்சேறியது.

இதே கணக்கைப் போட்டுப் பார்க்கத் தமிழ்நாட்டு வீடுகளில் தோதான கருவி ஒன்று உண்டு: தாயக்கட்டை. பித்தளையில் நீளவாக்கில் செய்த இரண்டு கட்டைகள். ஒவ்வொன்றுக்கும் நான்கு முகம். ஒன்றில் ஒரு புள்ளி, அடுத்தவற்றில் இரண்டு, மூன்று, நான்காவது வெறுமை. உருட்டினால் மேலே தெரியும் புள்ளிகளைக் கூட்ட வேண்டும். இரண்டும் வெறுமையாக விழுந்தால் மட்டும் அது பூஜ்யம் அல்ல, பன்னிரண்டு. ஊருக்கு ஊர் விதி மாறும். ஆனால் ஒன்று விழுந்தால்தான் தாயம், தாயம் விழுந்தால்தான் காய் இறங்கும் என்பது பெரும்பாலான வீடுகளில் பொது.

ஆடுபவர் வாயில் வருவது ஏழு எண்கள்: 1, 2, 3, 4, 5, 6, 12. ஏழு எண் இருப்பதால் தாயம் விழ ஏழில் ஒரு பங்கு வாய்ப்பு என்று சொன்னால் அது டேலம்பேர் வழி. கட்டைகளின் பார்வையில் கூறுவெளி நான்கு பெருக்கல் நான்கு, பதினாறு. தாயத்துக்கு இந்தக் கட்டையில் ஒன்று, அந்தக் கட்டையில் வெறுமை, அல்லது மாற்றி. ஆக இரண்டு வழி, பதினாறில் இரண்டு, அதாவது எட்டில் ஒன்று. இரண்டு விழ மூன்று வழி. மூன்று விழ நான்கு வழி. ஆட்டத்திலேயே அதிகம் விழுவது அதுதான். நான்குக்கு மூன்று, ஐந்துக்கு இரண்டு. ஆறுக்கும் பன்னிரண்டுக்கும் தலைக்கு ஒன்று. கூட்டினால் சரியாகப் பதினாறு.

எட்டில் ஒன்று என்றதும் எட்டு முறை உருட்டினால் ஒரு தாயம் விழுந்தே தீரும் என்று நினைத்துவிடக் கூடாது. எட்டு முறையும் தாயமே விழாமல் உட்கார்ந்திருக்க 34 விழுக்காடு வாய்ப்பு இருக்கிறது. மூன்று பேரில் ஒருவருக்கு அது நடக்கும்; பழியெல்லாம் ராசியின் மேல் விழும்.

பல வீடுகளில் 1, 5, 6, 12 விழுந்தால் மறுபடி உருட்டலாம். இந்த “மறுபடி உருட்டும்” நிகழ்ச்சிக்குள் எத்தனை விளைவுகள்? 2, 2, 1, 1 என ஆறு. பதினாறில் ஆறு. ஆட்டத்தின் விதியை வகுத்தவர்கள் யாரென்று தெரியாது. ஆனால் அடிக்கடி விழும் 2, 3, 4-ஐ வெறும் எண்ணாக விட்டுவிட்டு, அரிதாக விழுவதற்கெல்லாம் சலுகை கொடுத்திருக்கிறார்கள். தற்செயல் என்று ஒதுக்க மனம் வரவில்லை.

நிகழ்ச்சி என்பது பட்டியலிலிருந்து எதையும் எப்படியும் பொறுக்கி எடுத்த தொகுப்புதான். பதினாறு விளைவுகளில் ஒவ்வொன்றையும் சேர்க்கலாம் அல்லது விடலாம் என்பதால், இரண்டே இரண்டு தாயக்கட்டைகளின் ஒரே உருட்டலுக்கு 65,536 நிகழ்ச்சிகள் உண்டு. ஒன்றையுமே எடுக்காதது இயலா நிகழ்ச்சி, எடுத்துக்காட்டாக ஏழு விழுவது. எல்லாவற்றையும் எடுத்தது உறுதியான நிகழ்ச்சி.

கட்டைக்குப் பதில் சோழி போட்டு ஆடுகிறவர்களுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. ஆறு சோழிகள் என்றால், ஒவ்வொன்றும் வாய் மேலாகவோ கீழாகவோ விழ, கூறுவெளியில் 64 விளைவுகள். ஆனால் சோழியின் ஒரு பக்கம் முதுகு, மறுபக்கம் தட்டை. நாணயம்போல இரு பக்கமும் சமம் என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. அந்த 64-க்கும் சம எடை கொடுக்க வழியில்லை. குறிப்பிட்ட அந்தச் சோழிகளை நூற்றுக்கணக்கான தடவை வீசிப் பார்த்துத்தான் எடையைக் கண்டுபிடிக்க வேண்டும். பட்டியலை யோசித்து எழுதிவிடலாம். எடையை எப்போதும் யோசித்து எழுத முடியாது. மருந்துக் கம்பெனியும் காப்பீட்டுக் கம்பெனியும் ஆண்டுக்கணக்கில் தரவு சேர்ப்பது இதற்காகத்தான்.

மறுபடியும் பிரான்ஸ். டேலம்பேரின் கட்டுரைக்குச் சரியாக நூறு ஆண்டு முன்பு, 1654-இல், பாரிஸில் இருந்த பாஸ்கலுக்கும் துலூஸில் நீதிமன்ற அதிகாரியாக இருந்த ஃபெர்மாவுக்கும் இடையே கடிதங்கள் பறந்தன. மெரே பிரபு என்ற கனவான் எழுப்பிய சிக்கல்கள்தான் பொருள். அவற்றில் ஒன்று: ஒரு பகடையை நான்கு முறை உருட்டி ஒரு ஆறாவது விழும் என்று பந்தயம் கட்டினால் லாபம். ஆறு முகத்துக்கு நான்கு உருட்டல் என்றால், இரண்டு பகடைக்கு உரிய 36-க்கு 24 உருட்டல் போதுமே? அதே விகிதம்தானே? ஆனால் 24 உருட்டலில் இரட்டை ஆறு விழும் என்று கட்டினால் நட்டம். கணிதமே தனக்குத்தான் முரண்படுகிறது என்று மெரே குறைப்பட்டுக்கொண்டதாக ஜூலை 29-ஆம் தேதிக் கடிதத்தில் பாஸ்கல் எழுதுகிறார்.

இங்கே நேரடியாக எண்ணுவது தலைவலி. நான்கு உருட்டலுக்கே கூறுவெளியில் 1,296 விளைவுகள். எதிர்ப்பக்கத்திலிருந்து போனால் வேலை சுலபம்: ஆறே விழாத விளைவுகள் எத்தனை? ஐந்தை நான்கு முறை பெருக்க 625. மிச்சம் 671. பாதியான 648-ஐவிட அதிகம், ஆகவே லாபம்; வாய்ப்பு 51.8 விழுக்காடு. இப்படி வேண்டாததை எண்ணி முழுமையிலிருந்து கழிப்பதைப் பாடநூல்கள் நிரப்பு நிகழ்ச்சி என்கின்றன. இரட்டை ஆறுக்கு அதே வழியில் போட்டால் வருவது 49.1 விழுக்காடு. விகிதம் பொய்த்துவிட்டது.

இன்னொரு சிக்கல்தான் நம் கதைக்கு நெருக்கமானது. இருவர் ஆடும் ஆட்டம் பாதியில் நின்றுவிடுகிறது. முதலாமவர் ஜெயிக்க இன்னும் இரண்டு சுற்று தேவை, இரண்டாமவருக்கு மூன்று. பந்தயப் பணத்தை எப்படிப் பிரிப்பது? ஃபெர்மாவின் வழி: எப்படிப் போனாலும் நான்கு சுற்றுக்குள் முடிவு தெரிந்துவிடும், எனவே நான்கு சுற்றும் ஆடியதாகவே வைத்துக்கொண்டு பட்டியல் போடு. பதினாறு விளைவுகள். பதினொன்றில் முதலாமவர், ஐந்தில் இரண்டாமவர். பணத்தை 11-க்கு 5 என்று பிரி.

பாஸ்கல் இதைத் தன் நண்பர் ரோபெர்வாலிடம் காட்டினார். அவர் கணிதப் பேராசிரியர். உடனே ஆட்சேபம் வந்தது: இரண்டு சுற்றிலேயே முதலாமவர் ஜெயித்துவிட்டால் மீதி இரண்டை யார் ஆடுவார்கள்? ஆடாத ஆட்டத்தை எண்ணுவது என்ன நியாயம்? பாஸ்கலின் பதில் தெளிவானது. ஜெயித்த பிறகும் சும்மா ஆடிக்கொண்டிருந்தால் யாருடைய பங்கும் கூடாது, குறையாது; எனவே ஆடியதாக எண்ணிக்கொள்வதில் நட்டமில்லை, எல்லா விளைவுக்கும் சம எடை கிடைக்கும் வசதிதான் லாபம். நூறு ஆண்டு கழித்து டேலம்பேர் தூக்கிப் பிடித்தது ரோபெர்வாலின் அதே ஆட்சேபத்தை. பதில் ஏற்கெனவே எழுதப்பட்டுவிட்டது.

இத்தனை குழப்பத்துக்கும் ஒரு சட்டம் போட்டவர் மாஸ்கோவின் கோல்மோகோரோவ். 1933-இல், முப்பது வயதில், ஜெர்மன் மொழியில் அறுபது பக்கச் சொச்சத்தில் ஒரு சிறுநூல் வெளியிட்டார். கூறுவெளி ஒரு கணம். நிகழ்ச்சிகள் அதன் உட்கணங்கள். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ஓர் எண். அந்த எண் பூஜ்யத்துக்குக் கீழே போகக் கூடாது. முழுக் கூறுவெளிக்கு ஒன்று. ஒன்றையொன்று விலக்கும் நிகழ்ச்சிகளைச் சேர்த்தால் எண்களும் கூட வேண்டும். விதிகள் ஏறக்குறைய இவ்வளவுதான். சம எடை இருக்க வேண்டும் என்று எங்கேயும் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பட்டியல் வேறு, எடை வேறு என்று அவர் பிரித்துவிட்டார். சோழிக்கும் இடம் கிடைத்தது.

பட்டியலாக எழுதவே முடியாத கூறுவெளிகளுக்கும் இடம் கிடைத்தது. திருவிழாக் கடையில் சுழலும் முள் எந்தக் கோணத்தில் நிற்கும்? 0 முதல் 360 பாகை வரை எங்கும் நிற்கலாம், விளைவுகள் எண்ணிலடங்கா. துல்லியமாக 90 பாகையில் நிற்கும் வாய்ப்பு பூஜ்யம். ஆனாலும் அங்கே நிற்கவே முடியாது என்று பொருள் இல்லை. எங்கேயோ நின்றுதானே ஆக வேண்டும்! 90-க்கும் 180-க்கும் நடுவே நிற்கும் வாய்ப்பு கால் பங்கு. இத்தகைய வெளியில் தனித்தனி விளைவை எண்ணிப் பயனில்லை. நிகழ்ச்சிகளைத்தான் அளக்க வேண்டும்.

புதிதாக ஒரு தகவல் கிடைத்தால் கூறுவெளியே சுருங்கிவிடும். இதை வைத்து மார்ட்டின் கார்ட்னர் 1959-இல் ஒரு புதிர் போட்டார். ஒருவருக்கு இரண்டு குழந்தைகள், ஒன்றாவது பையன். இரண்டும் பையனாக இருக்க வாய்ப்பு? பாதி என்று வாய் முந்திக்கொள்ளும். மூத்தது, இளையது என்று எழுதினால் நான்கு விளைவுகள். பெண்-பெண் அடிபட்டுப் போக மிச்சம் மூன்று. மூன்றில் ஒன்று என்பது விடை. “மூத்தது பையன்” என்று சொல்லியிருந்தால் மிச்சம் இரண்டு, விடை பாதி. தகவல் எப்படிக் கிடைத்தது என்பதையும் பார்க்க வேண்டும். அவர் வீட்டு வாசலில் தற்செயலாக எதிர்ப்பட்ட குழந்தை பையன் என்றால், இரண்டும் பையனாக உள்ள வீட்டில் அது நடக்க இருமடங்கு வாய்ப்பு. கணக்கு மறுபடி பாதிக்கே திரும்பிவிடும். கார்ட்னரே பின்னால் தன் கேள்வி தெளிவில்லாதது என்று ஒப்புக்கொண்டார்.

லைப்னிட்ஸ் எண்ணிய முறைக்கு இயற்கையில் இடமே இல்லையா என்றால், இருக்கிறது. 1924-இல் டாக்கா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய சத்யேந்திரநாத் போஸ், ஒளித்துகள்களை எண்ணும் புதிய முறை ஒன்றை எழுதி ஐன்ஸ்டைனுக்கு அனுப்பினார். ஐன்ஸ்டைன் அதைத் தாமே ஜெர்மனில் மொழிபெயர்த்து ஆய்விதழில் வெளியிடச் செய்தார். சாரத்தை இரண்டு ஒளித்துகள், இரண்டு பெட்டி என்று வைத்துப் பார்க்கலாம். அவை பகடையாக இருந்தால் விளைவுகள் நான்கு. ஒளித்துகளுக்கோ சிவப்பு, வெள்ளை என்று சாயம் பூச முடியாது. இது இங்கே, அது அங்கே என்பதும் அது இங்கே, இது அங்கே என்பதும் இயற்கைக்கே ஒன்றுதான். ஆகவே விளைவுகள் மூன்று: இரண்டும் முதல் பெட்டியில், இரண்டும் இரண்டாவதில், பெட்டிக்கு ஒன்று. மூன்றுக்கும் சம எடை. இரண்டும் ஒரே பெட்டியில் இருக்கும் வாய்ப்பு பகடைக் கணக்கில் பாதி. போஸ் கணக்கில் மூன்றில் இரண்டு. சூடான பொருள் உமிழும் ஒளிக்குப் பிளாங்க் 1900-இல் கண்ட சூத்திரம் இந்த எண்ணிக்கையிலிருந்து பிறந்துவிடுகிறது.

ஒன்றுகூடும் இந்த நாட்டம் அணுக்களுக்கும் நீண்டால் என்ன ஆகும் என்று ஐன்ஸ்டைன் அடுத்த ஆண்டுக்குள் கணித்தார்: போதிய அளவு குளிரவைத்தால் ஏராளமான அணுக்கள் ஒரே நிலைக்குள் போய்ச் சேர வேண்டும். அதைக் கண்ணால் காண எழுபது ஆண்டு ஆயிற்று. 1995 ஜூனில் அமெரிக்காவின் போல்டர் நகரில் எரிக் கார்னலும் கார்ல் வீமனும் சுமார் 2,000 ருபீடியம் அணுக்களைத் தனிப் பூஜ்யத்துக்கு மேல் ஒரு பாகையின் கோடியில் சில பங்கு வரை குளிரவைத்து அதை உண்டாக்கினார்கள். 2001-இல் வொல்ஃப்காங் கெட்டர்லேவுடன் சேர்ந்து அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது.